குதிநாணும் ஸ்டீரொய்ட் மருந்தும்

ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் வசிக்கும் என் மாமாவுக்கு 71 வயது. நாட்பட்ட மூச்சிரைப்புக்காகப் பிரெட்னிசோன் குளிசை எடுத்துவந்தார். போன மாரியில் சளி முற்றியபோது வேறொரு வைத்தியரிடம் கூட்டிப்போனேன். "வேறு மருந்து ஏதும் எடுக்கிறாரா?" என்று அவர் கேட்க, மொழிபெயர்க்கப் போன நான், "பஃபர் மட்டும்" என்றேன். லீவோஃப்ளொக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கிடைத்தது.

நாலாம் நாள் குதிகாலுக்கு மேலே வலி. "குளிர் பிடிச்சிட்டுது, தைலம் பூசினால் போயிடும்" என்றார் மாமா. மறுநாள் படியேறும்போது யாரோ பின்னால் கல்லெறிந்தது போலிருந்ததாம். குதிநாண் அறுந்துவிட்டது.

நான் மென்பொருள் எழுதுபவன், வைத்தியன் அல்லன். பிறகு தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

தசையை எலும்போடு கட்டும் நார்க்கயிறே தசைநாண். அதற்கு வலுத் தருவது கொலாஜன் என்ற புரதம். உடலிலேயே தடித்த தசைநாண் குதிநாண். ஆனால் குதியெலும்புக்கு 2 முதல் 6 செ.மீ. மேலே இரத்த ஓட்டம் குறைவு. பெரும்பாலும் அங்கேதான் அறுகிறது.

விளையாட்டு வீரர்கள் களவாகப் போடும் ஸ்டீரொய்ட் வேறு. இது கோர்ட்டிசோன் குடும்பம். 1948இல் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் முடக்குவாதத்துக்குக் கொடுத்து வியக்கவைத்த மருந்து. 1950இல் நோபல் பரிசும் பெற்றுத் தந்தது. அழற்சியைத் தணிக்கும் அதே மருந்து, கொலாஜனை உண்டாக்கும் கலங்களையும் மந்தப்படுத்துகிறது. முதுமையில் அவை ஏற்கெனவே மந்தம்.

இதனோடு சிப்ரோஃப்ளொக்சசின், லீவோஃப்ளொக்சசின் போன்றவை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். 2008 ஜூலையில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இம்மருந்துகளுக்குக் கட்டமிட்ட எச்சரிக்கை கேட்டது. 60 வயதைத் தாண்டியோர், ஸ்டீரொய்ட் எடுப்போர், சிறுநீரகம், இதயம், நுரையீரல் மாற்றப்பட்டோர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம் என்றது. கனடாவின் மருந்துக் குறிப்பிலும் இவ்வெச்சரிக்கை உண்டு. மருந்து தொடங்கி இரண்டு நாளிலும் வரலாம். முடிந்து சில மாதங்களுக்குப் பின்னும் வரலாம்.

இம்மருந்து எடுக்கும்போது குதிநாண் வலித்தால் தைலம் பூசிக் காத்திராதீர்கள். அடுத்த வேளைக் குளிசையை நிறுத்தி, காலுக்கு ஓய்வு கொடுத்து, அன்றே வைத்தியரை அழையுங்கள். நிறுத்துவது நுண்ணுயிர்க்கொல்லியை மட்டும். நாட்பட எடுத்த ஸ்டீரொய்டைத் திடீரென விட்டால், சொந்தமாகக் கோர்ட்டிசோல் சுரக்க மறந்த உடல் தளர்ந்துவிடும்; உயிருக்கே ஆபத்தாகலாம்.

பெற்றோருக்காக மொழிபெயர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஞாபகத்தை நம்பாதீர்கள். குளிசைப் போத்தல்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். என் மாமா இன்னும் கைத்தடியோடுதான் நடக்கிறார்.