உவர்க் கிணறும் டெங்கும்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் குருதிப்பெருக்குக் காய்ச்சல் பற்றிய ஒரு வாதம்

டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரில்தான் முட்டையிடும் என்ற கூற்று இலங்கையின் சுகாதாரப் பிரசாரத்தில் நெடுங்காலம் கேள்வியின்றி வழங்கி வந்தது. மேல் மாகாணத்துக்கு அது பெரும்பாலும் போதும். கடலும் களப்பும் சூழ்ந்த சுண்ணக்கல் நிலமாகிய யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் போதாது. இந்தக் குறையால் இங்கே தடுப்பு வேலை பிந்தித் தொடங்குகிறது. பார்க்க வேண்டிய இடங்கள் சிலவும் பார்வைக்குத் தப்பிவிடுகின்றன.

குருதிப்பெருக்குக் காய்ச்சல் என்றதும் எபோலாவும் லாசாவுமே பலர் நினைவுக்கு வரும். இலங்கையில் ஆண்டுதோறும் உயிர் கொள்வது டெங்கு. டெங்கு வைரசில் நான்கு வகைகள் உண்டு. ஒன்றினால் வந்த எதிர்ப்பாற்றல் மற்றொன்றை நிலையாகத் தடுப்பதில்லை. சிலவேளை அந்த எதிர்பொருளே இரண்டாம் வைரஸ் கலத்துக்குள் நுழைய உதவுகிறது. 1960களில் பாங்கொக்கில் சிறுவர்களிடையே ஹால்ஸ்டெட் என்ற ஆய்வாளர் கண்ட இந்த விந்தையே இரண்டாம் தொற்றின் கடுமைக்கு இன்றும் முதன்மையான விளக்கம். பெயரில் குருதிப்பெருக்கு இருந்தாலும் பெரும்பாலும் ஆளைக் கொல்வது, நாளங்களிலிருந்து குருதியின் நீர்ப்பகுதி கசிந்து வெளியேறுவதுதான். காய்ச்சல் தணியும் தறுவாயில் அந்தக் கசிவு தொடங்கும். பிள்ளைக்குச் சுகம் வந்துவிட்டதென்று வீட்டார் ஆறுதல் கொள்ளும் அந்த ஒன்றிரண்டு நாட்களே மிகவும் ஆபத்தானவை. குருதிச் சிறுதட்டின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு பப்பாசி இலைச்சாறு கொடுத்திருப்பது அந்நேரத்தில் உயிரோடு விளையாடுவதாகும்.

இலங்கையில் டெங்கு 1962இல் ஆய்வுகூடத்தில் உறுதிசெய்யப்பட்டது. 1989இன் பின் கடும் வடிவம் கொள்ளைநோயாக மாறியது. 2017இல் மட்டும் நாடு முழுவதும் 186,101 பேர் நோயாளராகப் பதிவாயினர். குடாநாட்டின் கதை சற்று வேறு. 2006 ஆகஸ்டில் மூடப்பட்ட, குடாநாட்டைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி போர் முடிந்தபின் திறந்தது; ஆட்களும் பொருட்களும் தடையின்றிப் போய்வரத் தொடங்கியதை அடுத்து இங்கும் டெங்கு பெருகியது. தெற்கிலே ஆண்டில் இருமுறை நோய் உச்சம் தொடும். இங்கே வடகீழ்ப் பருவமழையோடு, மார்கழி தை மாதங்களில், ஒருமுறைதான். கொழும்பிலிருந்து விடுமுறைக்கு ஊர் திரும்புவோர் புதிய வைரஸ் வகையைக் கொண்டுவரக்கூடிய காலமும் அதுவே.

வைரஸ் வெளியிலிருந்து வரலாம். நுளம்பு இங்கேயே இருக்கிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத இந்நிலத்தில் மழைநீர் சுண்ணக்கல்லூடே இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய வில்லையாக மிதக்கிறது. இறைப்பு மிகுந்தால் வில்லை மெலியும், கிணறு உவர்க்கும். இந்த உவர்நீரில் டெங்கு நுளம்பு வளராது என்றே நெடுங்காலம் நம்பினோம். அந்த நம்பிக்கையை உடைத்தது யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்த சுரேந்திரன், ரஞ்சன் ராமசாமியோடும் பிற சகாக்களோடும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கரையோரங்களில் கைவிடப்பட்ட வள்ளங்கள், எறிந்த போத்தல்கள், பிளாஸ்டிக் ஏனங்கள், பாவனையற்ற கிணறுகள் ஆகியவற்றின் நீரில் ஈடிஸ் ஈஜிப்தி, ஈடிஸ் அல்போபிக்டஸ் ஆகிய இரு நுளம்புகளின் குடம்பிகளையும் அவர்கள் கண்டனர். ஆயிரத்தில் 15 பங்குவரை உப்புள்ள நீர் அது. கடல்நீரின் உப்பு ஏறத்தாழ 35 பங்கு. அடுத்த ஆண்டு நகர்ப்புற வீட்டுக் கிணறுகளிலும் குடம்பிகள் வளர்வதை அவர்கள் காட்டினர். நமது பல்கலைக்கழகம் நமது மண்ணுக்குத் தந்த அரிய அறிவு இது. ஊராட்சி மட்டத்தில் அதற்குரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பதே என் கருத்து.

உவர்நீரில் வளரும் நுளம்பு தொகையில் சிறிது, ரயரிலும் சிரட்டையிலும் பெருகுவதே பெரிது என்று மறுக்கலாம். மாரியில் அது உண்மை. ஆனால் தொகையை மட்டும் எண்ணினால் காலம் மறைந்துவிடும். கோடையில் ரயரும் சிரட்டையும் காய்கின்றன, கிணறு காய்வதில்லை. மழையற்ற மாதங்களில் நுளம்பின் வித்து தங்கும் இடங்களில் கிணறும் ஒன்றாகலாம். காய்ந்த ஏனத்தில் ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் உயிர்தரித்து முதல் மழைக்குப் பொரிக்கும். கிணற்றிலிருந்து எழும் தலைமுறையும் அவற்றோடு சேரும். நோயாளர் தொகை ஏறியபின் புகையடிப்பதால் பறக்கும் நுளம்புகளே சாகும். கிணற்றின் அடியிலுள்ள குடம்பிகளுக்கு அது எட்டாது.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் பொறுப்பைக் காணியின் உரிமையாளர், குடியிருப்போர் மீது வைக்கிறது. வலிகாமத்திலும் தீவகத்திலும் எத்தனையோ வளவுகளுக்கு உரிமையாளர் கனடாவிலோ பிரான்சிலோ இருக்கிறார். வளவில் குடியிருப்போர் எவருமில்லை. கிணறு மட்டும் திறந்து கிடக்கிறது. பிரதேச சபை உரிமையாளரைத் தேடிக் காத்திராமல் அந்தக் கிணறுகளுக்கு நுண்வலை போடவோ மீன் விடவோ அதிகாரம் பெறவேண்டும். இவ்வேலை ஆவணி புரட்டாதியில், மழைக்கு முன்னே முடிய வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கிணற்றைப் பார்க்கும்போது குடம்பி உண்டா இல்லையா என்பதோடு நீரின் உவர்ப்பையும் அளந்து பதிந்தால், எந்த உவர்ப்பில் எந்த நுளம்பு எத்தனை மாதம் தங்குகிறது என்பது நாலைந்து ஆண்டுகளில் கிராமவாரியாகத் தெரியவரும். அதற்கு வேண்டிய கருவி கைக்குள் அடங்கும்.