தீவிர சிகிச்சைக் குடும்பத் தேவைப் பட்டியல்

தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் நோயாளியின் உறவினர்களுக்கு என்னென்ன தேவை என்பதை அறிய உதவும் வினாப் பட்டியல். அமெரிக்கச் செவிலியர் நான்சி மோல்ட்டர் 40 உறவினர்களிடம் 45 தேவைகளை முன்வைத்துக் கேட்டு, முடிவுகளை 1979இல் வெளியிட்டார். நம்பிக்கைக்கு இடமுண்டு என்ற உணர்வே முதலிடம் பெற்றது. பின்னர் ஜேன் லெஸ்கே இத்தேவைகளை ஆதரவு, வசதி, தகவல், அருகிருத்தல், உறுதியளித்தல் என ஐந்தாக வகுத்தார்.

செவிலியர் குடும்பத்தாரிடம் பேசும் முறைக்கு இப்பட்டியல் நல்ல வழிகாட்டி. வென்டிலேட்டர் அலாரம் எதற்காக ஒலிக்கிறது என்று முன்கூட்டியே விளக்குவது, நோயாளியின் கையைப் பிடித்துப் பேசலாம் என்று உறவினரைக் கட்டிலருகே அழைப்பது, நிலை மாறினால் வீட்டுக்குத் தொலைபேசியில் தெரிவிப்பது ஆகியவை இத்தேவைகளை நிறைவேற்றும். பொய்யான ஆறுதல் இவற்றில் சேராது. கேள்விகளுக்கு நேர்மையான பதில் கிடைப்பதையும் உறவினர்கள் மிக முக்கியமாகக் கருதினர்.