கல்வெட்டில் இல்லாத பெண்

தஞ்சைத் தரணியின் வரலாற்றில் இன்றளவும் முழு விடை காணப்பெறாத கொலை ஒன்று உண்டு. சுந்தர சோழரின் மூத்த மைந்தனும் முதலாம் இராசராசனின் தமையனுமாகிய ஆதித்த கரிகாலன், கி.பி. 969ஆம் ஆண்டளவில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டான். பாண்டியன் வீரபாண்டியனைப் போரில் வென்று அவன் தலையைக் கொண்டவன் என்று தன் கல்வெட்டுகளிலே பெருமை பேசிய இளவரசன் அவன். பட்டத்துக்கு உரியவனாய் இருந்தும் பட்டம் ஏறாமலே மாய்ந்தான்.

இக்கொலையைப் பற்றி நம்மிடையே இரு சாட்சியங்கள் உள்ளன. ஒன்று கல் சொல்வது. மற்றொன்று கதை சொல்வது. கல் மூன்று ஆடவரைக் காட்டுகின்றது. கதையோ, அவ்வாடவருக்குப் பின்னே ஒரு பெண்ணை நிறுத்துகின்றது. கல்லில் இல்லாத பெண் கதைக்குள் எவ்வாறு வந்தாள்? பழிவாங்கப் புறப்படும் பெண்ணை நம் இலக்கியம் ஏன் மீண்டும் மீண்டும் படைக்கின்றது? இவ்வினாவை நம் மார்க்கத்தின் ஒளியில் வைத்துச் சற்று ஆராய்வோம்.

கல் சொல்வது

கொள்ளிடத்தின் வடபால், வீராணம் ஏரியின் அருகே, காட்டுமன்னார்கோயிலைச் சார்ந்தது உடையார்குடி. அங்குள்ள அனந்தீசுவரர் கோயிற் சுவரில் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. அவ்வூர் அக்காலத்தில் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்தது. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலிய உடன்பிறந்தாரை அக்கல்வெட்டு குறிப்பிடுகின்றது. இவர்களுள் இரவிதாசன் பஞ்சவன் பிரமாதிராசன் என்றும், பரமேசுவரன் இருமுடிச்சோழப் பிரமாதிராசன் என்றும் பட்டம் பெற்றவர்கள். அதாவது அரசின் அதிகாரிகளாய் இருந்தவர்கள். இவர்களுடைய உடைமைகளும், இவர்களோடு இரத்த உறவாலும் மண உறவாலும் பிணைந்தோர் உடைமைகளும் பறிக்கப்பட்ட செய்தியை அக்கல் தெரிவிக்கின்றது.

கொலை நடந்தது ஏறத்தாழ 969இல். இராசராசன் அரியணை ஏறியது 985இல். இடையே ஆண்டவர் உத்தம சோழர். அவ்வாட்சி முழுவதும் குற்றவாளிகள் தண்டனையின்றி இருந்தனரா என்னும் ஐயம் வரலாற்றறிஞர் உள்ளத்தில் எழுந்ததில் வியப்பில்லை. பேராசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் உத்தம சோழர்மீதே ஐயம் கொண்டார். குடந்தையை அடுத்த திருப்புறம்பியத்திற் பிறந்தவரும், பிற்காலச் சோழர் சரித்திரம் எழுதியவருமான தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அவ்வையத்தை ஏற்கவில்லை. இருவரும் பெரியோர், இருவர்க்கும் சான்று அந்த ஒரு கல்லே. ஆயின், அக்கல் எத்தனை முறை படிக்கப்பட்டாலும், அங்கே கொலைக்குக் காரணமான பெண் எவரும் இல்லை.

கதை சொல்வது

மாயவரத்தை அடுத்த புத்தமங்கலத்திற் பிறந்த கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி, 1950 முதல் 1954 வரை தம் வார இதழில் எழுதிய பொன்னியின் செல்வன் இக்கொலையை நடுவில் வைத்துச் சுழல்வது. அண்மையில், 2022இலும் 2023இலும், அது இரு பகுதிகளாகத் திரைப்படமாகவும் வெளிவந்தமையால் இளைய தலைமுறையினரும் அதன் கதையை அறிவர். கல்வெட்டிலுள்ள இரவிதாசனையும் அவன் கூட்டத்தாரையும் எடுத்துக்கொண்ட கல்கி, அவர்களுக்கெல்லாம் மேலாக நந்தினி என்னும் கற்பனைப் பெண்ணைப் படைத்தார். வந்தியத்தேவனின் வீரச் செயல்களைவிட நந்தினியின் உள்ளமே அந்நாவலின் ஆழமான மர்மம் என்பது நம் கருத்து.

நந்தினி பிறவியிலேயே கொடியவளாகக் காட்டப்படவில்லை. கரிகாலனின் இளம்பருவத்து அன்பைப் பெற்றவள். குலமும் பிறப்பும் தெரியாதவள் என்பதால் அரண்மனையார் அவளை விலக்கினர். பின்னர், போரில் காயமுற்றுக் குடிசையில் கிடந்த வீரபாண்டியனுக்கு அவள் பணிவிடை செய்துகொண்டிருக்கும்போது, அங்கே வாளோடு நுழைகின்றான் கரிகாலன். அவள் மன்றாடுகின்றாள். அவன் செவிசாய்க்கவில்லை. அவள் கண்ணெதிரிலேயே வீரபாண்டியன் தலை துண்டிக்கப்படுகின்றது. கதையின் ஊற்றுக்கண் இதுவே. அரசவையில் அன்று, ஒரு குடிசையிலே ஒரு பெண்ணின் மன்றாட்டு மறுக்கப்பட்டது. அதன் விளைவாய் ஒரு பேரரசின் அடித்தளம் ஆடுகின்றது.

அதன்பின் அவள் முதியவரான பெரிய பழுவேட்டரையரை மணந்து தஞ்சைக் கோட்டைக்குள் இளையராணியாகப் புகுகின்றாள். மீன் சின்னம் பொறித்த பாண்டியனின் வாளைப் பாதுகாத்து வைத்துக்கொள்கின்றாள். பாண்டிய நாட்டு ஆபத்துதவிகள் நள்ளிரவில் திருப்புறம்பியம் பள்ளிப்படையிலே சபதம் செய்யும்போது, அவள் சினமும் அவர்கள் அரசியலும் ஒன்றாகப் பிணைகின்றன. இங்கே வாசகர் உற்று நோக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தன் துயருக்கு நீதி தேடுவதாக எண்ணும் அப்பெண், பிறர் கையிலே கருவியாகிவிடுகின்றாள். அவள் துயர் உண்மையானது. ஆயின் அத்துயரைக் கொண்டு ஆதாயம் தேடுவோர் வேறு.

கரிகாலனும் நிம்மதியாய் இல்லை. வெட்டிய தலையும், கெஞ்சிய முகமும் அவனை விடாது துரத்துகின்றன. பழிவாங்க வருபவளும் உறங்குவதில்லை. பழிக்கு ஆளாகவிருப்பவனும் உறங்குவதில்லை. கடம்பூர் மாளிகையில் இருவரும் எதிரெதிர் நிற்கும் வேளையிலே அவள் கை தயங்குகின்றது. அவனோ சாவை வரவேற்பவன்போல் நிற்கின்றான். விளக்கு அணைகின்றது. இருளில் அவன் உயிர் போகின்றது. கொன்ற கை எது என்பதை ஐயத்துக்கு இடமின்றி ஆசிரியர் கூறவில்லை. கல் முடிக்காத வழக்கைக் கதையும் முடிக்கவில்லை. நந்தினிக்கோ, தான் விரும்பியது நிறைவேறியும் அமைதி கிட்டவில்லை.

புகாரும் அரபகமும்

காவிரிப் படுகையில் நீதி கேட்டுப் புறப்பட்ட முதற்பெண் நந்தினி அல்லள். காவிரி கடலோடு கலக்கும் புகாரிற் பிறந்த கண்ணகியை நாம் அறிவோம். அவள் நேரே தீயை ஏவினாள் அல்லள். முதலில் அரசவைக்குச் சென்றாள், வழக்குரைத்தாள், சிலம்பை உடைத்துச் சான்று காட்டினாள். தவறுணர்ந்த பாண்டியன் அங்கேயே உயிர்நீத்தான். நீதி அங்கேயே முற்றுப்பெற்றிருக்கலாம். ஆயினும் மதுரை எரிந்தது. அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்குமாறு அவள் தீக்கு ஆணையிட்டதாகக் காப்பியம் கூறுகின்றது. அளவு கடந்த சினத்துக்கும் ஓர் எல்லை வேண்டும் என்னும் உணர்வு அப்புலவருக்கு இருந்தது போலும்!

இனி நம் பார்வையை அரபகத்தின் பக்கம் திருப்புவோம். அறியாமைக் காலத்து அரபுகளிடையே பழி என்பது பரம்பரைச் சொத்து. பஸூஸ் என்னும் பெண்ணைச் சார்ந்த ஓர் ஒட்டகம் கொல்லப்பட்டதில் தொடங்கி, பக்ரு, தஃக்லிப் குலத்தார் நாற்பது ஆண்டுகள் போரிட்டனர் என்பது அரபு மரபு. அவள் எழுப்பிய ஓலம் முதலிலே ஒரு தலைவனைக் கொன்றது. பின்னர் தலைமுறைகளையே தின்றது.

ஹிந்த் அவர்களின் வரலாறு இதனினும் நெஞ்சை உலுக்குவது. 624இல் பத்ருக் களத்தில் அவர் தம் தந்தை உத்பாவையும், உடன்பிறந்தானையும், சிறிய தந்தையையும் இழந்தார். மறு ஆண்டு உஹதுக் களத்தில் வஹ்ஷீயின் ஈட்டி ஹம்ஸா (ரலி) அவர்களை வீழ்த்தியது. அப்புனித உடலுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை எழுத நம் எழுதுகோல் கூசுகின்றது. பழி தீர்ந்தது, ஹிந்தின் உள்ளம் ஆறியதா? ஐந்தாண்டுகள் கழித்து, 630இல் மக்கா வெற்றி கொள்ளப்பட்டபோது, பெருமானார் (ஸல்) அவர்கள் திருமுன் வந்து இஸ்லாத்தை ஏற்ற பெண்களுள் அவரும் ஒருவர். தம் அருமைச் சிறிய தந்தையை இழந்த நாயகம் (ஸல்) அவர்களுக்கு அன்று வெற்றியும் இருந்தது, வலிமையும் இருந்தது. பழிவாங்கவில்லை. இரண்டாண்டுகள் கழித்து இறுதி ஹஜ்ஜுப் பேருரையில், அறியாமைக் காலத்து இரத்தப் பழிகள் யாவற்றையும் ஒழித்ததாக அறிவித்தார்கள். முதலில் ஒழித்தது தம் சொந்தக் குடும்பத்துக்கு உரிய பழியைத்தான் என்பதை நாம் மறத்தலாகாது.

நம் மார்க்கம் பாதிக்கப்பட்டோரைப் பார்த்து வாய்மூடி இருங்கள் என்று கூறவில்லை. அநியாயமாகக் கொல்லப்பட்டவரின் வாரிசுக்குத் திருமறை உரிமை அளிக்கின்றது. அவ்வுரிமையில் வரம்பு மீறாதே என்றும் எச்சரிக்கின்றது. மன்னிப்போருக்கு அம்மன்னிப்பே பாவப் பரிகாரம் ஆகும் என்றும் நற்செய்தி கூறுகின்றது. தண்டனையை நிறைவேற்றுவது ஆட்சியாளரின் பொறுப்பேயன்றித் தனிமனிதர் கையிலன்று என்பது சட்டமேதைகளின் முடிவு. ஒருவர் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்னும் மறைநெறியை நினைத்துக்கொண்டு உடையார்குடிக் கல்லை நோக்கினால், உற்றார் அனைவரின் உடைமையும் பறிக்கப்பட்ட செய்தி நம்மை வருத்தாமற் போகாது.

நூர்ஜஹானும் நாகூர் அம்மையாரும்

தஞ்சை மண்ணிலிருந்து எழுந்த மற்றொரு மர்மக் கதையையும் இங்கே நினைவுகூர்தல் தகும். மன்னார்குடியை அடுத்த வடுவூரைச் சேர்ந்த கே. துரைசாமி ஐயங்கார் (1880–1942) எழுதிய மேனகா, நாடகமாக நடிக்கப்பெற்று 1935இல் திரைப்படமாகவும் வந்தது. தஞ்சை டிப்டி கலெக்டரின் மகளான மேனகா, நாத்தனார்களின் சூழ்ச்சியால் சென்னையில் நைனா முகம்மது மரைக்காயர் என்னும் செல்வரிடம் விற்கப்படுகின்றாள். தீயவனுக்கு நம்மவர் பெயரா என்று முஸ்லிம் வாசகர் முகம் சுளிக்கக்கூடும். அச்சுளிப்பிலும் நியாயம் உண்டு. ஆயின் சற்றுப் பொறுத்து மேலே படிப்போர் நூர்ஜஹானைக் காண்பர். அம்மரைக்காயரின் மனைவியான அவளே மேனகாவைக் காப்பாற்றுகின்றாள். கணவனால் வஞ்சிக்கப்பட்டவள், தன்னைப்போன்றே வஞ்சிக்கப்பட்ட, வேற்றுச் சமயத்துப் பெண்ணுக்கு அரணாகின்றாள். நந்தினி தன் துயரை வாளாக்கினாள், நூர்ஜஹான் கேடயமாக்கினாள். நம் உள்ளத்தை ஈர்ப்பது பின்னதே.

இவை யாவும் ஆண்மக்கள் எழுதியவை. பெண்ணே எழுதுகோலை எடுத்தால்? அதற்கும் இம்மண்ணிலேயே விடை உண்டு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) அதிகம் பள்ளி செல்லாதவர். அவர் எழுதிய காதலா கடமையா என்னும் நாவல் 1938இல் வெளிவந்தது. 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சேற்றிக் கண்ணகியின் கதையை நம் கைக்கு அளித்த டாக்டர் உ. வே. சாமிநாத ஐயரே அந்நாவலைப் பாராட்டி எழுதினார். அம்மையார் பின்னர் எழுதிய கதைகளுள் ஒன்றின் பெயர் வனஜா அல்லது கணவனின் கொடுமை. வீட்டுக்குள் அடங்கி மடியும் ஒரு முறையீட்டை அட்டையிலேயே அச்சிட்டு ஊரறியச் செய்தல் எளிய செயலன்று. நாகூர்க் கடைத்தெருவிலே பேசப்படாத ஒன்று அன்று நூலாயிற்று.

செவிமடுத்த நீதி

இக்கதைகளையும் வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகின்றது. பழிவாங்கும் பெண், கேளாச் செவியின் படைப்பு. கண்ணகியின் கணவன் வழக்கு விசாரிக்கப்படவில்லை. நந்தினியின் மன்றாட்டுக்கு மதிப்பில்லை. கேட்பார் இருந்திருப்பின் வாளுக்கும் தீக்கும் வேலை இருந்திராது.

கேட்கப்பட்ட பெண் எவ்வாறிருப்பாள்? மதீனாவைப் பாருங்கள். கவ்லா பின்த் ஸஃலபா (ரலி) அவர்களை அவருடைய கணவர், தாயோடு ஒப்பிட்டு விலக்கும் பழைய வழக்கப்படி ஒதுக்கினார். அப்பெண்மணி நேரே பெருமானார் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார், வாதிட்டார், இறைவனிடமும் மன்றாடினார். அம்முறையீட்டை இறைவன் கேட்டான் என்னும் செய்தியோடு தொடங்குவது திருமறையின் 58ஆம் அத்தியாயம். அதற்குப் பெயரே வாதிட்டவள் என்பதாகும். கொடிய அவ்வழக்கத்துக்குப் பரிகாரம் விதிக்கப்பட்டது. பின்னாளில் கலீஃபா உமர் (ரலி) அவர்களை அம்மூதாட்டி வழியில் நிறுத்திப் பேசியபோது, அவர் நின்று பொறுமையோடு கேட்டார் என்றும், இறைவனே செவிமடுத்தவரின் சொல்லை நான் கேளாதிருப்பதா என்று உடன் வந்தோருக்கு விளக்கினார் என்றும் வரலாறு கூறும்.

நம் ஊர்களில் நிலை என்ன? கணவனின் கொடுமைக்கு ஆளான பெண் நீதிமன்றத்தில் மணவிலக்குக் கோரும் உரிமையை 1939ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்துத் தந்தது. ஆயினும் நீதிமன்றப் படி ஏறுமுன் அவள் நாடுவது மஹல்லா ஜமாஅத்தையே. அங்கே அவள் வழக்கை அவளே சொல்ல இடமுண்டா? அல்லது தந்தையோ தமையனோ சொல்ல, அவள் வாசற்புறத்தில் நிற்பதா? தஞ்சையை அடுத்த புதுக்கோட்டையில் ஷரீஃபா கானம் அம்மையார் முயற்சியால், இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், பெண்களே பெண்களின் வழக்கைக் கேட்கும் ஜமாஅத் தோன்றியது. அம்முயற்சியை ஏற்போரும் உளர், ஏலாதோரும் உளர். ஆயின், அங்கே திரண்டு வந்த பெண்கள் நம் மஹல்லாக்களிலிருந்து சென்றவர்கள். தம் சொல்லைக் கேட்பார் வேண்டும் என்றே சென்றவர்கள்.

நந்தினியின் கதையை நம் பெண்மக்கள் படிக்கட்டும்; தடை வேண்டா. படித்து முடித்தபின், அக்குடிசையில் அவள் கெஞ்சியபோது கரிகாலன் என்ன செய்திருக்கவேண்டும் என்று வீட்டிலுள்ள ஆண்மக்களையும் கேட்கட்டும். ஜமாஅத்தின் பொறுப்பில் அமரும் பெரியோரும் அவ்வினாவுக்கு விடை கூறக் கடமைப்பட்டவர்களே. அடுத்த முறை ஒரு பெண் பள்ளிவாசல் முற்றத்தில் மனுவோடு நிற்கும்போது, உள்ளே அழைத்து அவள் வாயாலேயே அவள் வழக்கைக் கேட்போமாக!