குதிரையும் நானூறு பேரும்

ரோம் நாட்டின் பெருமையை வரலாற்று ஏடுகள் பக்கம் பக்கமாகப் பேசுகின்றன. கல் பரப்பிய நெடுஞ்சாலைகள், மலை கடந்து நீர் கொணர்ந்த கால்வாய்கள், சட்டம் வகுத்த மேதைகள், நாடுகளை நடுங்க வைத்த படைகள்! அந்தப் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே ஏடுகளில் வேறு சில பக்கங்களும் உண்டு. அரியணையில் அமர்ந்தோர் ஆடிய வெறியாட்டங்களைக் கூறும் பக்கங்கள் அவை. படிப்போர் முதலில் சிரிப்பர், பின்னர்த் திடுக்கிடுவர். சிரிப்போடு நின்றுவிடலாகாது என்பதற்காகவே அப்பக்கங்களைப் புரட்டுகிறோம்.

கி.பி. 37இல் ரோமின் பேரரசனானான் கேயஸ். தந்தையின் பாசறையில் சிறுவனாகத் திரிந்தபோது, போர்வீரர் போலவே அவனுக்கும் உடையும் காலணியும் அணிவித்தனர். அதைக் கண்டு மகிழ்ந்த வீரர்கள் 'காலிகுலா' என்று செல்லப்பெயர் இட்டனர். 'குட்டிக் காலணி' என்பது அதன் பொருள். அந்தச் செல்லப்பிள்ளைக்கு 24 வயதில் உலகின் பெரும்பகுதி உடைமையாயிற்று. முன்னவன் டைபீரியஸின் இறுதிக் காலக் கொடுமையில் வாடிய மக்கள், இளைஞன் வந்தான், இருள் அகன்றது என்று களித்தனர். களிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை.

டைபீரியஸ் விட்டுச்சென்ற கருவூலத்தில் 270 கோடி செஸ்டர்ஸ் நாணயம் இருந்ததாகவும், அதனைக் காலிகுலா ஓராண்டு முடியுமுன்பே கரைத்துவிட்டதாகவும் ஸ்வெட்டோனியஸ் எழுதுகிறார். கி.பி. 39இல் வணிகக் கப்பல்களைத் திரட்டிப் பையே விரிகுடாவில் வரிசையாக நிறுத்தி, அவற்றின்மீது மண் கொட்டிச் சாலை அமைத்து, கடல்மீது குதிரையும் தேரும் ஓட்டினான் மன்னன். தானியம் சுமக்க வேண்டிய கப்பல்கள் தேர்ச்சாலையாயின. மக்களுக்கு உணவு முட்டுப்பட்டது என்கிறார் மற்றொரு வரலாற்றாசிரியர், டியோ.

குதிரையின் கதையை அறியாதார் இலர். இன்சிடாட்டஸ் என்பது அதன் பெயர். பளிங்குக் கொட்டில், தந்தத்தாலான தீனித்தொட்டி, செந்நீலப் போர்வை, மணி பதித்த கழுத்துப்பட்டை! இத்தனையும் போதாவென்று, நாட்டின் உயர்பதவியாகிய கான்சல் பதவியையும் அதற்கு அளிக்க எண்ணினானாம். காலிகுலாவை வெறுத்தவர்கள் பிற்காலத்தில் எழுதி வைத்தவை இவை. கான்சல் பதவி பற்றிய பேச்சு, செனட் சபையினரைக் குத்திக்காட்டிய கேலியாகவே இருக்கலாம் என்று கருதும் ஆய்வாளரும் உளர். கேலி என்றே கொள்வோம். அந்தக் கேலிக்கு இடம் கொடுத்தவர் யார்?

பட்டாடையும் பரம்பரைப் பெயரும் பூண்ட செனட்டர்கள், உயர்பதவிகளை வகித்தவர்கள், அவன் தேரின் பக்கத்தில் கல் தொலைவு கணக்கில் ஓடினர். விருந்தில் அவன் காலடியில் ஏவலர்போல் நின்றனர். இவர்களைவிடக் குதிரை எதில் குறைந்தது என்று அவன் எண்ணியிருந்தால், வியப்பதற்கு என்ன இருக்கிறது?

கி.பி. 41 சனவரியில், மெய்காவற்படைத் தலைவருள் ஒருவனான காசியஸ் கேரியாவும் அவன் தோழர்களும் காலிகுலாவை வெட்டி வீழ்த்தினர். செனட் கூடியது, விடுதலை பற்றிப் பேசியது, மீண்டும் குடியரசு காண்போம் என்றது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்த கிளாடியஸைக் காவற்படையினர் கண்டெடுத்துப் பேரரசன் ஆக்கிவிட்டனர். அவன் ஒவ்வொரு வீரனுக்கும் 15,000 செஸ்டர்ஸ் தர வாக்களித்தான். செனட் பணிந்தது. கொடியவன் ஒழிந்தான், கொடியவனை வளர்த்த இடம் அப்படியே இருந்தது.

கி.பி. 54இல் அந்த இடத்துக்கு வந்தவன் நீரோ. கி.பி. 59இல் பெற்ற தாய் அக்ரிப்பினாவைக் கொலை செய்வித்தான். செனட் என்ன செய்தது? கண்டித்ததா? மன்னன் ஆபத்திலிருந்து தப்பினான் என்று கூறிக் கோயில்களில் நன்றி வழிபாடு நடத்தத் தீர்மானித்தது. இறந்தவளின் பிறந்த நாளைத் தீய நாள் என்று அறிவித்தது. திரேசியா பீட்டஸ் என்ற ஒருவர் மட்டும் வாய் பேசாமல் எழுந்து வெளியே நடந்தார். அத்தனை பெரிய சபையில் அன்று மானத்தோடு நடந்த கால்கள் இரண்டே. ஏழாண்டுகளுக்குப் பின், கி.பி. 66இல், அதே சபை அவருக்கு மரண தண்டனை விதித்தது.

இவையெல்லாம் மன்னரின் வெறி. வெறியின்றி, அமைதியாக, வாக்கெடுத்துச் செய்த கொடுமை ஒன்றும் உண்டு.

கி.பி. 61இல், ரோம் நகரத் தலைவன் பெடானியஸ் செக்குண்டஸை அவனுடைய அடிமை ஒருவன் கொன்றான். எசமானன் கொலையுண்டால் அதே வீட்டில் வாழ்ந்த அடிமைகள் அனைவரும் மாள வேண்டும் என்பது ரோமரின் பழைய வழக்கம். அவன் வீட்டில் இருந்த அடிமைகள் 400 பேர். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் உட்பட! கொலையைக் கனவிலும் அறியாதவர்கள்!

ரோமின் பொதுமக்கள் பொறுக்கவில்லை. திரண்டு வந்து செனட்டைச் சூழ்ந்தனர். உள்ளே சட்டமேதை காசியஸ் லாஞ்சைனஸ் எழுந்தான். முன்னோர் வகுத்தது நம் அறிவினும் சிறந்தது, அச்சமின்றி அடிமைகளை ஆள முடியாது, குற்றமற்ற சிலர் மடியினும் பொதுநன்மைக்கே என்று வாதாடினான். இரக்கக் குரல்கள் எழுந்தன. ஆயினும் எதிர்த்துப் பேச ஒருவரும் துணியவில்லை. வழக்கம் வென்றது. மக்கள் கல்லும் தீப்பந்தமும் ஏந்தி வழிமறித்தனர். நீரோ வழிநெடுகப் படையை நிறுத்தினான். 400 பேரும் கொலைக்களம் சேர்ந்தனர்.

அதே வீட்டில் இருந்த, அடிமைத்தளை நீங்கியோரையும் இத்தாலியிலிருந்து வெளியேற்ற வேண்டும் என்றார் ஒரு செனட்டர். அதை மறுத்தவன் யார் தெரியுமா? நீரோ! அன்று அவன் பித்தனாக நடந்துகொள்ளவில்லை. சட்டப்படி நடந்துகொண்டான். ரோம் நகரத்து எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்குத் தெரிந்த அநீதி, ஏடு கற்ற அவைக்குத் தெரியவில்லை. அல்லது, தெரிந்தும் வாய் திறக்கவில்லை.

கி.பி. 68இல், செனட்டே பகைவன் என்று அறிவித்த நிலையில், ஓடி ஒளிந்த நீரோ தற்கொலை செய்துகொண்டான். அந்தச் சட்டமோ சாகவில்லை. பின்வந்த ஹாட்ரியன் அதன் கடுமையைச் சற்றுக் குறைத்தான், ஆனால் எடுத்தெறியவில்லை. கி.பி. 533இல் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பிலும் அதற்கெனத் தனித்தலைப்பு இருக்கக் காண்கிறோம். கொடுங்கோலனுக்கு ஒரு கத்தி போதுமானதாயிற்று. முன்னோர் வழக்கம் என்ற போர்வையில் இருந்த கொடுமையை, ஏன் என்று கேட்கும் துணிவு இல்லாத அவை, ஐந்நூறு ஆண்டுகளாகியும் அசைக்கவில்லை.

காலிகுலாவின் குதிரையை எண்ணி நகைப்போர், அந்த 400 பேரையும் ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக.