இந்திய முப்படைகளின் ஒருங்கிணைந்த தலைமையகம்

இந்திய முப்படைகளின் ஒருங்கிணைந்த பாதுகாப்புத் தலைமையகம் என்பது தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றும் சேர்ந்து திட்டமிடுவதற்காகப் புது தில்லியில் 2001 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்ட அமைப்பாகும். முப்படைகளுக்கான பொதுத் தலைவர் ஒருவருக்குத் துணையாகவே இது திட்டமிடப்பட்டது. ஆனால் அத்தலைவர் இல்லாமலேயே 18 ஆண்டுகள் இயங்கியது.

பின்னணி

ஆங்கிலேயர் ஆட்சியில் முப்படைகளுக்கும் ஒரே தலைமைத் தளபதி இருந்தார். 1947 ஆகஸ்ட் 15 முதல் ஒவ்வொரு படையும் தனித் தலைமையைப் பெற்றது. மூன்று தளபதிகளும் கூடிப் பேச ஒரு குழு இருந்தது. மூவரில் மூத்தவர் அதற்குத் தலைவர். அவர் தம் படையையும் நடத்த வேண்டியிருந்தது. ஓய்வு பெற்றதும் குழுத் தலைமையும் கைமாறியது. இதனால் நீண்டகாலக் கூட்டுத் திட்டமிடலுக்குப் பொறுப்பானவர் என்று எவரும் இல்லை.

கார்கில் போருக்குப் பின்

1999 கார்கில் போர் முடிந்தவுடன், திருச்சிராப்பள்ளியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையில் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. படைத் தலைமையகங்கள் அரசின் உயர்நிலை அமைப்புக்கு வெளியே நிற்பதை அக்குழு பெருங்குறையாகச் சுட்டிக்காட்டியது. அதன் தொடர்ச்சியாக, எல். கே. அத்வானி தலைமையிலான அமைச்சர்கள் குழு 2001இல் முப்படைத் தலைமைத் தளபதி பதவியைப் பரிந்துரைத்தது. அரசு தலைமையகத்தை உடனே அமைத்தது. பதவியை மட்டும் ஒத்திவைத்தது. அதே ஆண்டு போர்ட் பிளேரில் முப்படைகளும் இணைந்த அந்தமான் நிக்கோபார் கட்டளையகம் தொடங்கப்பட்டது.

முப்படைத் தலைமைத் தளபதி

2020 ஜனவரி 1 அன்று ஜெனரல் பிபின் ராவத் முதல் முப்படைத் தலைமைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். பாதுகாப்பு அமைச்சகத்தில் புதிதாக உருவான இராணுவ விவகாரத் துறைக்கும் அவரே செயலாளர். பாதுகாப்பு அமைச்சருக்கு ஆலோசனை கூறுவதும், மூன்று தளபதிகளின் குழுவுக்கு நிரந்தரத் தலைவராக இருப்பதும் அவர் பணி. ஆனால் மூன்று தளபதிகளுக்கும் கட்டளையிடும் அதிகாரம் அப்பதவிக்கு அளிக்கப்படவில்லை.

2021 டிசம்பர் 8 அன்று வெலிங்டன் பாதுகாப்புப் படை அதிகாரிகள் கல்லூரிக்குச் செல்லும் வழியில், குன்னூர் அருகே நேர்ந்த ஹெலிகாப்டர் விபத்தில் ராவத் உயிரிழந்தார். ஒன்பது மாதங்களுக்கும் மேலாகப் பதவி காலியாகவே இருந்தது. 2022 செப்டம்பர் 30 அன்று ஜெனரல் அனில் சௌகான் பொறுப்பேற்றார்.

புதிய சட்டம்

ஒரு படையின் அதிகாரி, தம் கீழ்ப் பணிபுரியும் வேறு படையினர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்க முன்பு இயலாது. அவர்களைத் தாய்ப்படைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். கூட்டு அமைப்புகளின் தலைவர்களுக்கு அந்த அதிகாரத்தை 2023ஆம் ஆண்டுச் சட்டம் வழங்கியது. கூட்டுக் கட்டளையகங்கள் பெயரளவில் நில்லாமல் செயல்பட இது அடிப்படைத் தேவையாகும்.