சேல்ஸ்ஃபோர்ஸ்: கையகப்படுத்தல்களின் வரலாறு

சேல்ஸ்ஃபோர்ஸ், சான் பிரான்சிஸ்கோவைத் தலைமையிடமாகக் கொண்ட அமெரிக்க மேகக்கணிமை நிறுவனம். மார்க் பெனியாஃப், பார்க்கர் ஹாரிஸ் உள்ளிட்ட நால்வர் 1999இல் தொடங்கியது. வாடிக்கையாளர் விவரங்களை நிர்வகிக்கும் மென்பொருளை வட்டில் விற்காமல் இணையவழியே சந்தாவுக்குக் கொடுத்ததுதான் அதன் புதுமை. 2004இல் நியூயார்க் பங்குச்சந்தைக்கு வந்தபோது ஒரு பங்கின் விலை 11 டாலர்.

சந்தா நிறுவனத்தின் பங்கை நெடுநாள் தூக்கி நிறுத்தியது லாபமல்ல, வருவாய் வளர்ந்த வேகம். விற்பனைப் பிரிவுக்கான ஒரே மென்பொருளை வைத்து அந்த வேகத்தைக் காப்பாற்ற முடியாது. ஆகவே நிறுவனம் பிற துறைகளை விலைக்கு வாங்கத் தொடங்கியது. மின்னஞ்சல் விளம்பரத்துக்காக 2013இல் எக்ஸாக்ட்டார்கெட்டை 250 கோடி டாலருக்கும், இணையக் கடைகளுக்காக 2016இல் டிமாண்ட்வேரை 280 கோடிக்கும் வாங்கியது. அதே 2016இல், சேல்ஸ்ஃபோர்ஸும் வாங்க முயன்ற லிங்க்ட்இன் மைக்ரோசாஃப்டின் கைக்குப் போனது. ட்விட்டரை வாங்கும் யோசனையைப் பங்குதாரர்களின் எதிர்ப்பால் கைவிட நேர்ந்தது. 2018இல் மென்பொருள்களை ஒன்றோடொன்று இணைக்கும் மியூல்சாஃப்ட் 650 கோடிக்கும், 2019இல் தரவைக் காட்சிப்படுத்தும் டேப்லோ 1,570 கோடிக்கும் வந்து சேர்ந்தன. டேப்லோவின் விலை முழுவதும் பங்குகளாகவே கொடுக்கப்பட்டது. சந்தை ஏற்றிவைத்த பங்கு விலையே அடுத்த நிறுவனத்தை வாங்கும் பணமானது; இந்தச் சுழற்சி பங்கு விலை ஏறும் வரைதான் ஓடும்.

ஸ்லாக் நிறுவனத்தை வாங்கியது இந்தக் கையகப்படுத்தல்களின் உச்சம். 2020 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட விலை 2,770 கோடி டாலர். அலுவலக உரையாடலில் மைக்ரோசாஃப்ட் டீம்ஸுக்கு எதிராக நிற்பதும், தன் மென்பொருள்கள் அனைத்துக்கும் ஒரே முகப்பை அமைப்பதும் நோக்கம். மறுநாளே சேல்ஸ்ஃபோர்ஸ் பங்கு 8 சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

2022இல் வட்டி விகிதங்கள் உயர்ந்ததும் முதலீட்டாளர்களின் அளவுகோல் வளர்ச்சியிலிருந்து லாபத்துக்கு மாறியது. 2023 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் வருவாய் 3,135 கோடி டாலர். செயல்பாட்டு லாபமோ அதில் 3.3 சதவீதம்தான். வாங்கிய நிறுவனங்களின் சொத்து மதிப்புக்கு மேல் கொடுத்த தொகை கணக்கேட்டில் ‘நற்பெயர்’ என நிற்கும். அது 4,800 கோடியைத் தாண்டி, மொத்தச் சொத்தில் ஏறக்குறைய பாதியாகியிருந்தது. ஸ்டார்போர்டு, எலியட் முதலிய முதலீட்டு நிறுவனங்கள் பங்குகளை வாங்கி உள்ளே வந்து நெருக்கின. அந்த ஜனவரியில் 10 சதவீதம் ஊழியர்களை நீக்கும் திட்டம் வெளியானது. மார்ச்சில், கையகப்படுத்தலுக்கான இயக்குநர் குழுவே கலைக்கப்பட்டது. பங்குகளைத் திரும்ப வாங்கும் வரம்பு 2,000 கோடியாக உயர்ந்தது. அடுத்த நிதியாண்டில் செயல்பாட்டு லாபம் 14.4 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் வருவாய் வளர்ச்சி 18 சதவீதத்திலிருந்து 11க்கு இறங்கியது. 2024 பிப்ரவரியில் முதல் ஈவுத்தொகை அறிவிக்கப்பட்டது. வளர்ச்சிப் பங்காகவே அறியப்பட்ட நிறுவனத்துக்கு இது சிறிய மாற்றமல்ல.

கையகப்படுத்தும் பழக்கம் அத்துடன் நிற்கவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்குச் சீரான தரவு தேவை என்ற காரணத்தோடு, 2025 மே மாதம் தரவு மேலாண்மை நிறுவனமான இன்ஃபர்மேட்டிகாவைச் சுமார் 800 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தமானது. நவம்பரில் அது நிறைவேறியது. இம்முறை பங்கைக் கொடுக்காமல், கையிருப்பையும் கடனையும் கொண்டு விலை செலுத்தப்பட்டது. பங்குதாரர்களுக்குப் பணம் திருப்பும் திட்டம் இதனால் பாதிக்கப்படாது என்றும் நிறுவனம் முன்கூட்டியே சொல்லிவைத்தது.