ஜப்பானிய விளையாட்டுகளும் தேசங்களின் ஆட்சேபணைகளும்

1978-ஆம் ஆண்டில் டைட்டோ என்னும் ஜப்பானியக் கம்பெனியில் வேலை பார்த்துவந்த நிஷிகாடோ டோமோஹிரோ என்ற பொறியாளர், திரையின் மேற்புறத்திலிருந்து அணி அணியாக இறங்கிவரும் சத்துருக்களைச் சுட்டு வீழ்த்தும் விளையாட்டு ஒன்றைப் பெரும்பாலும் தனியொருவராகவே உருவாக்கிக்கொண்டிருந்தபோது, டாங்கிகளையும் ஆகாய விமானங்களையும் பகைவர்களாக வைத்துப் பார்த்து, அவற்றின் அசைவு மனத்துக்குப் பிடிக்காமல், மனித உருவமே திரையில் இயல்பாக நகர்கிறது என்று கண்டுகொண்டார். ஆனால் மனிதனைச் சுடுவதை விளையாட்டாக்குவது தகாது என்று மேலிடத்தார் தடுத்துவிட்டனர். அப்படித்தான் அந்த இடத்தில் அயல்கிரகத்து ஜந்துக்கள் குடியேறின. ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ என்ற பெயருடன் அவை உலகத்தையே சுற்றிவந்தன. ஜப்பானிய விளையாட்டுகள் பிற தேசங்களில் கிளப்பிவிட்ட சச்சரவுகளைப் பற்றி எழுதப் புகுகிறவன், ஜப்பானியருக்குக் கூச்சம் என்பதே இல்லை என்று பிற்காலத்தில் எழுந்த பேச்சுக்கு எதிர்ச்சாட்சியாக இந்தச் சம்பவத்தை முதலில் பதிவுசெய்துவிடுவது நியாயம்.

அந்த முதல் காலத்துக் கலவரங்களில் தேசத்துக்குத் தேசம் பெரிய வேற்றுமை இருந்ததாகச் சொல்வதற்கில்லை. பையன்கள் பள்ளிக்கூடத்தை மறந்து காசை இயந்திரத்தில் கொட்டுகிறார்கள் என்பதே எங்கும் எழுந்த முறையீடு. ஜப்பானில் 1979-இலேயே பெற்றோரும் ஆசிரியரும் கூக்குரலிட, 1984-இல் திருத்தப்பட்டு மறு ஆண்டு அமலுக்கு வந்த கேளிக்கைத் தொழில் சட்டம், விளையாட்டுக் கூடங்களை நள்ளிரவுக்குமேல் திறந்துவைக்கலாகாது என்று விதித்தது. பிரிட்டனில் ஜார்ஜ் ஃபௌக்ஸ் என்ற பார்லிமெண்ட் அங்கத்தினர் இந்த இயந்திரங்களைக் கட்டுப்படுத்த 1981-இல் கொண்டுவந்த மசோதா, 94-க்கு 114 என்ற வாக்குக் கணக்கில் தோற்றது. பிலிப்பைன்ஸில் ஜனாதிபதி மார்க்கோஸ் அதே ஆண்டு நவம்பரில் வாக்கெடுப்பு முதலான சிரமங்கள் ஏதுமின்றி, இரண்டே வாரத்தில் இயந்திரங்களை ஒழித்துக்கட்டும்படி உத்தரவிட்டார். இவையெல்லாம் காலவிரயத்தையும் காசுவிரயத்தையும் பற்றிய பழைய கவலைகள். சீட்டாட்டத்தையும் சினிமாவையும் பற்றி முன்பு எழுந்தவையே. திரைக்குள் தெரியும் காட்சியைப் பார்த்து ஒரு தேசம் முகஞ்சுளிக்க, மற்றொரு தேசம் அதில் என்ன தவறு என்று வியக்கும் நிலை, விளையாட்டுகளுக்குள் கதையும் முகமும் சின்னமும் புகுந்த பிறகே ஏற்பட்டது.

அந்த நிலையை முதலில் உணர்ந்து, யாரும் கேட்பதற்கு முன்பே கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டது கியோட்டோவிலுள்ள நின்டெண்டோ கம்பெனி. 1983-இல் அமெரிக்காவின் வீடியோ விளையாட்டு வியாபாரம் அடியோடு சரிந்து, கடைக்காரர்கள் அந்தப் பெயரைக் கேட்டாலே ஓடிய காலத்தில், 1985-இல் அங்கே கால்வைத்த அந்தக் கம்பெனி, தன் இயந்திரத்தைக் குழந்தைகளின் பொம்மை என்ற கோலத்திலேயே விற்க வேண்டியிருந்தது. பொம்மைக்குள் மதமும் மதுவும் நிர்வாணமும் இருக்கலாமோ? ஆதலால் அமெரிக்கப் பதிப்புகளிலிருந்து கல்லறைச் சிலுவைகளும் ஆஸ்பத்திரிச் சிலுவைகளும் மறைந்தன. 1994-இல் ஜப்பானில் வெளிவந்த ‘மதர் 2’ மறு ஆண்டு ‘எர்த்பவுண்ட்’ என்ற பெயரில் அமெரிக்கா சென்றபோது, அதிலிருந்த மதுக்கடை காபிக் கடையாயிற்று. நின்டெண்டோவின் மியாமோட்டோ ஷிகெருவே உருவாக்கிய ‘டெவில் வேர்ல்ட்’, சிலுவையும் வேதப்புத்தகமும் ஏந்திச் சாத்தானை எதிர்க்கும் விளையாட்டாயினும், அமெரிக்கக் கரையை எட்டவே இல்லை; ஐரோப்பாவில் மட்டும் 1987-இல் விற்கப்பட்டது. ஜப்பானியனுக்குச் சிலுவை என்பது டிராகுலா கதையில் வரும் ஓர் அலங்காரப் பொருள்; அதை அலங்காரமாக்குவதே அபசாரம் என்று கருதக்கூடிய ஜனங்கள் கடலுக்கு அப்பால் இருக்கிறார்கள் என்பதை வியாபாரம் அவனுக்குக் கற்பித்தது.

சிலுவையைவிடச் சிக்கலான சின்னம் ஒன்று உண்டு. நம் வாசற்படியிலும் பெட்டகத்திலும் மங்களமாக எழுதும் ஸ்வஸ்திகம், பௌத்தத்தோடு கீழ்த்திசை சென்று ஜப்பானில் ‘மான்ஜி’ எனப் பெயர் பெற்றது. அந்நாட்டுத் தேசப்படங்களில் பௌத்த ஆலயத்தைக் குறிக்கும் அடையாளமே அதுதான். 1986-இல் வெளிவந்த முதல் ‘செல்டா’ விளையாட்டின் மூன்றாம் பாதாளச் சிறை இந்த வடிவத்திலேயே அமைந்திருந்தும் அப்போது பெரிய சச்சரவு எழவில்லை. ஆனால் 1999-இல், ஜப்பானியருக்காக ஜப்பானிய மொழியில் அச்சிட்ட போக்கிமான் சீட்டு ஒன்று, இறக்குமதி வியாபாரிகளின் வழியாக அமெரிக்கச் சிறுவர் கைகளுக்குப் போய்ச் சேர, அதிலிருந்த மான்ஜியைக் கண்டு யூதர்களின் அவதூறு எதிர்ப்புச் சங்கம் முறையிட்டது. நின்டெண்டோ அந்தச் சீட்டை ஜப்பானிலும் அச்சிடாது நிறுத்திவிட்டது. ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னால்தான் முடிந்திருந்த ஒரு படுகொலையின் நினைவில் வாழ்கிறவர்களை யார் குறைசொல்ல முடியும்? ஆயினும், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுள்ள மங்களச் சின்னம் அது பிறந்த கண்டத்திலேயே பின்வாங்க வேண்டி வந்ததில், நம்மைப் போன்றவர்களுக்குச் சிறிது வருத்தம் உண்டாவதும் இயற்கையே.

இதன் மறுபக்கம் வேடிக்கையானது. ‘ஹிட்லரின் மறுபிறப்பு’ என்று பகிரங்கமாகவே பெயர் சூட்டி கேப்காம் 1988-இல் ஜப்பானில் விற்ற விளையாட்டு, அமெரிக்காவில் ‘பயானிக் கமாண்டோ’ ஆயிற்று. நாஜிகள் வேறொரு கற்பனைக் கூட்டத்தாராயினர். ஹிட்லருக்கும் ஒரு புதுப்பெயர் கிடைத்தது. ஆனால் இறுதிக் காட்சியில் அவன் முகம் சிதறுவதை மட்டும் யாரும் தொடவில்லை. பெயரை மாற்றினால் போதும், இரத்தம் இருக்கட்டும் என்ற இந்த மனப்பான்மையை ஜெர்மனியில் செலாவணியாக்க முடியாது. அங்கே இளைஞருக்குக் கேடான நூல்களைப் பட்டியலிடும் அரசாங்க அலுவலகம் 1984-இலேயே விளையாட்டுகள்மீதும் கைவைக்கத் தொடங்கியிருந்தது. பட்டியலில் ஏறிய பொருளை விளம்பரம் செய்யவோ சிறுவர் கண்ணில் படும்படி வைக்கவோ கூடாது. இதற்கு அஞ்சியே கொனாமி கம்பெனி தனது ‘கான்ட்ரா’ வீரர்களை ஐரோப்பியப் பதிப்பில் இயந்திர மனிதர்களாக்கி, பெயரையும் ‘புரொபொடெக்டர்’ என மாற்றி அனுப்பியது. இயந்திரம் இயந்திரத்தைச் சுடுவதற்கு ஜெர்மானியர் ஆட்சேபிக்கவில்லை.

அமெரிக்காவில் 1993-இல் செனட் சபை விசாரணை நடந்ததற்குக் காரணமான ‘மார்ட்டல் காம்பாட்’ அமெரிக்கர் செய்த விளையாட்டே. ஆனால் அது ஓடிய இயந்திரங்கள் ஜப்பானியருடையவை. நின்டெண்டோ தன் பதிப்பில் இரத்தத்தை வியர்வையாக்கியது. செகா கம்பெனியோ இரகசியக் குறியீட்டைத் தட்டினால் இரத்தம் பெருகும்படி விட்டது. வியர்வை தோற்று இரத்தம் வென்றது என்பதை விற்பனைக் கணக்கு காட்டிவிட, நின்டெண்டோ மறு ஆண்டே இரண்டாம் பாகத்தை இரத்தத்துடன் வெளியிட அனுமதித்தது. செனட்டர் லீபர்மனின் மிரட்டலுக்கு அஞ்சி 1994-இல் தொழில்துறையினரே ஏற்படுத்திக்கொண்ட தரச்சான்றுச் சபை இன்றும் நடைபெறுகிறது. ஆட்சேபணையின் நியாயத்தைவிட ஆட்சேபிக்கிறவன் எத்தனை பெரிய வாடிக்கைக்காரன் என்பதே கம்பெனிகளின் செவியைத் திறந்தது என்று நான் கருதுவதற்கு இந்த ஓர் உதாரணமே போதும்.

வாடிக்கை சிறிதாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கீழ்த்திசையிலேயே சாட்சி உண்டு. 1910 முதல் 1945 வரை ஜப்பானின் அடிமை நாடாயிருந்த கொரியா, விடுதலைக்குப் பின் ஜப்பானிய ஜனரஞ்சகக் கலைகளை நாட்டுக்குள் விடாமலே நீண்ட காலம் காத்துவந்தது; 1998-இல் ஜனாதிபதி கிம் டே-ஜங் காலத்தில்தான் அந்தக் கதவு படிப்படியாகத் திறக்கத் தொடங்கியது. அதற்கிடையே நின்டெண்டோவின் இயந்திரத்தை ஹூண்டாய் ‘காம்பாய்’ என்ற பெயரிலும், செகாவின் இயந்திரத்தைச் சாம்சங் வேறு பெயரிலும் விற்றன. சீனாவில் 1996-இல், கோயெய் கம்பெனியின் தியான்ஜின் கிளையில் வேலை பார்த்த சீன இளைஞர் நால்வர், பசிபிக் கடற்போரை ஜப்பானியத் தளபதியாக நின்று நடத்த இடங்கொடுக்கும் விளையாட்டு ஒன்றுக்கு உழைக்க மறுத்தது பத்திரிகைகளில் பெரிய விவாதமாயிற்று. டோக்கியோவில் சரித்திரப் பிரியர்களின் பொழுதுபோக்கு. தியான்ஜினில் தாத்தாவைக் கொன்றவனின் புகழ்ச்சி. இங்கே நியாயம் இளைஞர் பக்கமே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவ்வாறன்றி, 2001-இல் சவூதி அரேபிய மதத் தலைமை போக்கிமானில் யூதச் சின்னமும் சூதாட்டமும் ஒளிந்திருப்பதாகக் கூறித் தடை விதித்ததில், பயத்தைத் தவிர வேறெதையும் என்னால் காண முடியவில்லை.

இனி, சொல்வதற்குச் சங்கடமானதும் சொல்லாமல் விடக்கூடாததுமான பகுதி. ஜப்பானில் வயதுவந்தோர்க்கான சிற்றின்ப விளையாட்டு, தொலைக்காட்சியோடு இணைக்கும் பொம்மை இயந்திரத்தில் இடம்பெறாமல், தனிக் கணினிகளில் தனிக் கடைகளில் வளர்ந்தது; நோபுநாகா என்ற போர்த்தலைவனின் சரித்திர விளையாட்டால் பிற்பாடு கௌரவம் பெற்ற அதே கோயெய் கம்பெனி 1982-இல் ‘நைட் லைஃப்’ என்ற அத்தகைய பண்டம் ஒன்றை விற்றது என்றால், அந்தத் தொழில் எத்தனை சகஜமாயிருந்தது என்பது விளங்கும். 1907-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 175-ஆம் பிரிவு நடைமுறையில் மர்ம உறுப்புகளைக் காட்டுவதை மட்டுமே தடுத்தது. அந்த இடத்தைக் கட்டங்களால் மங்கலாக்கிவிட்டால், கதையில் என்ன நடந்தாலும் சட்டத்துக்கு அக்கறையில்லை. 1991-இல் கியோட்டோ பகுதியில் ஒரு பள்ளிச் சிறுவன் அத்தகைய விளையாட்டைக் கடையில் திருடிப் பிடிபட, விசாரணை நீண்டு கம்பெனித் தலைவர் கைதாக, தொழில்துறையினர் அஞ்சி மறு ஆண்டே தமக்கெனத் தணிக்கைச் சங்கம் ஒன்றை நிறுவினர். சிறுவன் கையில் கிடைத்ததே சச்சரவைக் கிளப்பியது. அதன் கதை பெரிதாக விசாரிக்கப்படவில்லை.

பதினேழு ஆண்டுகள் கழித்து வந்த விசாரணை வேறு வகை. யோக்கஹாமாவிலிருந்த ஒரு கம்பெனி 2006-இல் ஜப்பானியருக்காக மட்டும் வெளியிட்ட விளையாட்டு, பெண்களைப் பலாத்காரம் செய்வதையே ஆட்டத்தின் நோக்கமாகக் கொண்டது. அதன் பெயரை எழுதி இந்தக் கட்டுரையை அசுத்தப்படுத்த விரும்பவில்லை. 2009 பிப்ரவரியில் அது அமேஸான் கடையில் மறுவிற்பனைக்கு வந்திருப்பதைப் பெல்ஃபாஸ்ட் பத்திரிகை ஒன்று அம்பலப்படுத்த, பிரிட்டிஷ் பார்லிமெண்டில் அங்கத்தினர் கீத் வாஸ் பிரஸ்தாபிக்க, ஈக்வாலிட்டி நவ் என்ற மாதர் உரிமைச் சங்கம் கிளர்ச்சி தொடங்க, அவ்வாண்டின் நடுப்பகுதியில் ஜப்பானியத் தணிக்கைச் சங்கமே அத்தகைய விளையாட்டுகளை இனி அங்கீகரிப்பதில்லை என்று முடிவுசெய்தது. ஐக்கிய நாடுகளின் பெண்ணுரிமைக் குழுவும் ஆகஸ்டில் அவற்றின் விற்பனையைத் தடைசெய்யுமாறு ஜப்பானிய அரசாங்கத்தை வற்புறுத்தியது. எங்கள் நாட்டில், எங்கள் சட்டப்படி, எங்களவருக்கு விற்றதை அந்நியர் ஏன் கேட்கிறார்கள் என்று ஜப்பானில் பலர் குமுறினர். சில கம்பெனிகள் தம் தளங்களை வெளிநாட்டார் காணாதபடி பூட்டிக்கொண்டன. பூட்டியது வெட்கத்தாலன்று, தொல்லை வேண்டாம் என்றே. இது ஜப்பானியரின் தனி நோய் என்று பேசிய மேனாட்டார் சிலர், 1982-இல் அமெரிக்காவிலேயே செவ்விந்தியப் பெண்ணைப் பலாத்காரம் செய்யும் ‘கஸ்டர்ஸ் ரிவெஞ்ச்’ என்ற விளையாட்டு விற்பனையாகி, மாதர் சங்கங்களும் செவ்விந்தியரும் ஒருங்கே போராடியதை மறந்துவிட்டார்கள். இருந்தாலும், கூறினவர் யோக்கியதை எதுவாயினும் கூற்று சரியே. கலாசார வேற்றுமை என்ற போர்வைக்குள் எல்லாவற்றையும் நுழைத்துவிட முடியாது.

அதே 2009-இல் கேப்காமின் ‘ரெசிடென்ட் ஈவில் 5’ ஆப்பிரிக்கக் கிராமத்தில் வெள்ளைக்கார வீரன் ஒருவன் கறுப்பு ஜனங்களைச் சுட்டுக்கொண்டே செல்வதைக் காட்டியதாக விமர்சிக்கப்பட்டது. நான்காம் பாகத்தில் ஸ்பானியக் கிராமத்தாரை அவ்வாறே சுட்டபோது யாரும் வாய்திறக்காததால் ஒஸாக்காவிலிருந்த கேப்காம் கம்பெனியார் திகைத்துப் போயினர் போலும். ஸ்பானியர் அடிமைக்கப்பலில் ஏற்றிச் செல்லப்பட்ட ஜனங்களல்லர் என்ற வேற்றுமை அவர்கள் சரித்திரப் பாடத்தில் அழுத்தமாக இல்லாதிருந்திருக்கலாம்.

ஜப்பானியரின் மென்மையான இடம் எங்கே என்று கேட்டால், தலைதுண்டிப்பில் என்பேன். அந்த நான்காம் பாகத்தின் அமெரிக்கப் பதிப்பில் குண்டு பட்டால் தலை சிதறும். ஜப்பானியப் பதிப்பில் சிதறாது. 1997-இல் கோபே நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் செய்த கொடூரக் கொலையின் நினைவு இதில் கலந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். 2008-இல் ‘ஃபால்அவுட் 3’ என்ற அமெரிக்க விளையாட்டு ஜப்பானுக்குச் சென்றபோது, ஓர் ஊரை அணுகுண்டால் அழிக்கும் வாய்ப்பு நீக்கப்பட்டது. நாகசாகியில் வீசப்பட்ட குண்டின் பெயரான ‘ஃபேட் மேன்’ என்பதைத் தாங்கிய ஆயுதத்துக்கும் வேறு பெயர் சூட்டப்பட்டது. 2011 மார்ச் 11-இல் பூகம்பமும் கடல்கோளும் நேர்ந்த மூன்றாம் நாளே, பூகம்பத்தில் தப்பிப் பிழைப்பதைக் கதையாகக் கொண்ட உள்நாட்டு விளையாட்டின் நான்காம் பாகத்தை இரெம் கம்பெனி கைவிட்டது. அது வேறு கம்பெனி மூலம் வெளிவர 2018 ஆயிற்று.

கணக்குப் புத்தகம் இடம்மாறியதும் கத்தரிக்கோலும் இடம்மாறியது. 2016-இல் தன் விளையாட்டுப் பகுதியின் தலைமையைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோன சோனி, சில ஆண்டுகளுக்குள் சிற்றின்பக் காட்சிகளுக்குக் கடுமையான விதிகள் வகுத்து, ஜப்பானியக் கம்பெனிகளையும் அவற்றுக்கு உட்படுத்தியது. நின்டெண்டோவோ, தரச்சான்றுச் சபை ஒப்புக்கொண்டால் தனக்கு ஆட்சேபணையில்லை என்ற நிலைக்கு வந்துவிட்டது. 1993-ஆம் ஆண்டு செனட் விசாரணையில் அக்கம்பெனியின் அமெரிக்க நிர்வாகி ஹோவர்ட் லிங்கன் தங்கள் இயந்திரத்தில் ஒருபோதும் வராது என்று உறுதிகூறிய ‘நைட் ட்ராப்’ என்ற விளையாட்டு, 2018 ஆகஸ்டில் நின்டெண்டோ ஸ்விட்சில் விற்பனைக்கு வந்தது.